கயிற்றுக்கு இந்தப் பக்கம்

1

நாங்கள் மெல்பேர்ணில் வந்திறங்கி இந்த ஆவணியோடு நாற்பது வருடங்கள் ஆகின்றன. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, யாழ்ப்பாணத்தில் சிற்றிதழ் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். முதல் குளிர், முதல் வேலை, முதல் வீடு என்று தொடங்கிப் பார்த்தேன். ஒன்றும் ஓடவில்லை. போன சனிக்கிழமை மைதானத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். தம்பி பொறுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

என் பெயர் சிவபாதம். வயது எழுபத்தாறு. பொறியியலாளராக வேலை பார்த்து, பிறகு டண்டினோங்கில் ஒரு குளிர்களஞ்சியம் நடத்தி, அதையும் விற்றுவிட்டு நோபல் பார்க்கில் மனைவியோடு இருக்கிறேன். அடுத்ததாகச் சொல்லப்போவதை ஊரில் யாரும் நம்பமாட்டீர்கள். எனக்கு ஒரு அமெரிக்கன் ஃபுட்போல் அணி சொந்தமாக இருக்கிறது.

காலால் உருட்டி விளையாடும் பந்து அல்ல. தலைக்கவசமும் தோளில் பலகை போன்ற காப்பும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் அணைத்து ஓடி, ஆளோடு ஆள் மோதி விழுகிற விளையாட்டு. அணியின் பெயர் ஹெரன்ஸ். அந்தப் பறவையின் படத்தைச் சட்டையில் பார்த்த நாளிலிருந்து என் மனைவி மனோன்மணிக்கு அது 'கொக்கு ரீம்'.

2

அரவிந்தன் எங்களுடைய ஒரே பிள்ளை. இங்கேதான் பிறந்தான். பத்து வயதுவரை தமிழில் கதைத்தான். அதற்குப் பிறகு நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். யாரும் சண்டை பிடிக்கவில்லை. கதவைச் சாத்தாமலே ஒருவன் அறையை விட்டுப் போவதுபோல அது நடந்தது.

பல்கலைக்கழகத்தில் இந்த விளையாட்டுக்குள் போனான். முழங்கால் பழுதான பிறகு விளையாடுவதை விட்டுவிட்டுப் பயிற்சி கொடுக்கப் பழகினான். பகலில் பிஸியோதெரபிஸ்ட், பின்னேரத்தில் மைதானம். அந்த நேரத்தில்தான், விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் சிறிய லீக் ஒன்றை இங்கே தொடங்கினார்கள். தென்கிழக்குப் பக்கத்து அணிக்கு ஒரு உரிமையாளர் தேவைப்பட்டார். அரவிந்தன் குசினிக்குள் வந்து, ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு, "அப்பா, யூ ஷுட் டூ இட்" என்றான். பள்ளிக்கூடம் முடித்த நாள் முதல் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் அணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவன் கேட்டதற்காக ஓம் என்றேன்.

அதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டியிருந்தது. இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். 'இதற்குமுன் விளையாட்டு அமைப்பொன்றை நிர்வகித்த அனுபவம் உண்டா?' என்று ஒரு கட்டம். பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக் கிரிக்கெட் குழுவின் செயலாளர் என்று எழுதினேன். லீக் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, அது என்ன மாதிரி வேலை என்று கேட்டாள். தேநீர் இடைவேளைக்குப் பணிஸ் ஒழுங்கு செய்வது, நடுவர்களோடு வாக்குவாதப்படுவது என்று விளக்கினேன். "சரி, உண்டு என்று போடுகிறேன்" என்றாள். அவள் நன்றாக இருக்கவேண்டும்.

தலைமைப் பயிற்றுநர் டேரல். ஒஹாயோக்காரர். இங்கத்தைய பெண்ணைக் கட்டி, வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறார். ஆறடி மூன்றங்குல உயரம், குரல் மட்டும் மெல்லியது. அரவிந்தனுக்கு இந்த விளையாட்டை எழுத்துக் கூட்டிப் படிப்பித்தவர் அவர்தான். முதல் நாளே என்னிடம் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்: "மிஸ்டர் சிவா, அணி உங்களுடையது. சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் அது என்னுடையது. ஐந்து மணிக்கு அப்படியே திருப்பித் தந்துவிடுவேன்."

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

3

இந்த விளையாட்டில் நீங்கள் ஒரேயொரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். பந்து கையிலுள்ள அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். மூன்றிலும் முடியாமல் போனால் நான்காவதில் இரண்டு வழி. துணிந்து இன்னொரு தடவை ஓடிப் பார்க்கலாம். அல்லது நின்ற இடத்திலிருந்தே இரண்டு கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். எது என்று சில விநாடிக்குள் சொல்லவேண்டியவர் தலைமைப் பயிற்றுநர்.

மூன்று வருடங்களுக்கு முன் அரையிறுதிப் போட்டி. நாங்கள் இரண்டு புள்ளி பின்னுக்கு. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. நான்காவது முயற்சி, ஒரு யார்தான் தேவை. ஓடுவது என்று டேரல் முடிவெடுத்தார். எங்களுடைய உதைகாரனுக்குத் தொடை பிடித்திருந்தது. காற்றும் எதிர்க்காற்று. இவை எதுவும் எனக்குத் தெரியாது. மூன்று இரண்டைவிடப் பெரியது என்பது மட்டும் தெரியும்.

உரிமையாளர் என்றபடியால் ஓரக்கோட்டில் நிற்க எனக்கு அனுமதி இருந்தது. நடந்துபோய் டேரலின் தலையிலிருந்த ஹெட்செட்டைப் பிடிக்கப் போனேன். எனக்கு எட்டவில்லை. என்ன ஏது என்று விளங்காமல் அவர் குனிந்து தந்தார். அந்தக் குனிவு இன்றுவரை என்னை விடவில்லை. ஹெட்செட்டை என் தலையில் மாட்டிக்கொண்டு, "கிக் இட். திஸ் இஸ் மை டீம்" என்றேன்.

மறுமுனையில், கிளப் கட்டிடத்தின் மேல்தளத்தில் இருந்து ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் அரவிந்தன். பிறகு காதுக்குள் ஒரு குரல், "அப்பா?" என்றது.

உதைத்தார்கள். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியால் வென்றோம். அது வெளியே விழுந்திருந்தால் நான் அன்றைக்கே வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், காரியம் அதோடு முடிந்திருக்கும்.

டேரல் வந்து எனக்குக் கை தந்தார். "நல்ல உதை" என்றார். பிறகு, யாருக்கும் கேளாமல், "தயவுசெய்து இனி இப்படிச் செய்யவேண்டாம்" என்றார்.

அந்த இரண்டாவது வசனத்துக்காகத்தான் அவரை வேலையிலிருந்து நீக்கினேன். கடிதத்தில் வேறு காரணங்கள் எழுதினேன்.

4

இந்த இடத்தில் ஊர்க்கதை ஒன்று சொல்லவேண்டும்.

என் அப்பா ஒரு சிறு பாடசாலையின் மனேச்சராக இருந்தவர். அந்தக் காலத்தில் சில பாடசாலைகள் குடும்பங்களின் கையில் இருந்தன. நிலமும் கட்டிடமும் எங்களுடையவை. படிப்பிப்பதும் நடத்துவதும் தலைமை ஆசிரியர். அவர் பெயர் பொன்னையா மாஸ்டர். ஒரு நாள் அவர் எங்கள் வகுப்பில் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் செய்துகொண்டிருந்தார். விறாந்தையால் போன அப்பா நின்று பார்த்தார். உள்ளே வந்தார். மாஸ்டரின் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கினார். பாதிக் கணக்கை அழித்துவிட்டுத் தன்னுடைய வழியில் செய்து காட்டினார். மாஸ்டர் ஒரு பக்கமாக ஒதுங்கி, விரலில் பட்டிருந்த வெண்கட்டித் தூளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் விடையும் சரி, மாஸ்டரின் விடையும் சரி. அடுத்த தவணைக்கு மாஸ்டர் வரவில்லை. எங்கள் பெரியப்பாவின் மகன் தலைமை ஆசிரியராக வந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாஸ்டருக்காகப் பரிதாபப்பட்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நான் பரிதாபப்படவில்லை. பெருமைப்பட்டேன். பக்கத்து வாங்கில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தேன், அவன் பார்க்கிறானா என்று.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்தெல்லாம் கலவரத்தில் போய்விட்டது என்று இங்கே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் போகவில்லை.

5

கடிதம் திங்கட்கிழமை போனது. நல்ல ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. வியாழக்கிழமை அரவிந்தன் வந்தான். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன்.

"டேரலுக்கு லெட்டர் அனுப்பினீங்களா?"

"ஓம். இறுதிப் போட்டிக்கு நீதான் ஹெட் கோச்."

"வட்?"

"உனக்காகத்தானே தம்பி இந்த ரீமை வாங்கினனான்."

எங்களுடைய ஆட்களுக்கு இது பழக்கமான காரியம். கடையோ, கோயிலோ, சங்கமோ, எங்கே ஒரு கதிரை இருந்தாலும் பிள்ளையைக் கொண்டுவந்து அதில் இருத்திப் பார்த்தால்தான் மனம் ஆறும். அவன் சந்தோஷப்படுவான் என்று மெய்யாகவே நம்பினேன்.

"ஐ நெவர் ஆஸ்க்ட் ஃபோர் ஹிஸ் ஜொப், அப்பா" என்றான். பிறகு, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தமிழில் சொன்னான்: "அவர் எனக்குப் பழக்கினவர். அவற்ற இடத்தில நான் நிக்கமாட்டன்."

கண்டபடி கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை. தாயிடம் போய் "போட்டு வாறன் அம்மா" என்றான். என்னிடம் சொல்லவில்லை. அந்த மாதமே சிட்னிக்குப் போய், லிட்கம்மில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

இறுதிப் போட்டியில் படுதோல்வி. அடுத்த பருவத்தில் இரண்டு பயிற்றுநர்கள் வந்து போனார்கள். மனோன்மணி வழமைபோல ஒவ்வொரு சனிக்கிழமையும் கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். பசிபிக் தீவுகளிலிருந்து வந்த தொங்காக்காரரும் சமோவாக்காரருமாக மலைபோன்ற ஆட்கள் வரிசையில் நின்று, "அன்ரி, எனக்கு இரண்டு" என்று வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவரும் எனக்கு மரியாதை குறைக்கவில்லை. ஒருவரும் என் பக்கத்தில் வந்து நிற்கவும் இல்லை.

அரவிந்தன் தாயோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பான். நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் போனை வைத்துவிட்டு மனோன்மணி சொன்னார்: "இஞ்சருங்கோ, அவன் கிட்ட வருவான் எண்டுதானே கொக்கை வாங்கினீங்கள். கொக்கு நிக்குது. பிள்ளை பறந்திட்டான்."

 

6

டேரலின் வீட்டுக்குப் போவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மூன்று ஸ்டேஷன் தூரம்தான்.

"வெறுங்கையோட போகாதேங்கோ" என்று மனோன்மணி ஒரு பெட்டி ரோல்ஸைத் தந்துவிட்டார். ரயிலில் இருந்து வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். டேரல் முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையசைத்தார். தைரியம் போய்விடும் என்ற பயத்தில் நான் உடனே சொல்லத் தொடங்கினேன். இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னீர்கள்?" என்றார். முழு மன்னிப்பையும் இரண்டாம் தரம் கேட்கவேண்டியதாயிற்று. இரண்டாவது கொஞ்சம் சுருக்கமாகவும் நேர்மையாகவும் வந்தது.

"நான் திரும்பி வரவேண்டும் என்று ஏன் கேட்கிறீர்கள்? அணி தோற்பதாலா?" என்றார்.

"இல்லை" என்றேன். "மகன் வரவேண்டும்."

அவர் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். "சரி. இது நீங்கள் என்னிடம் சொன்ன முதல் உண்மை" என்றார். "ஆனால் எனக்கு ஒரு கயிறு வேண்டும்."

ஓரக்கோட்டுக்குப் பத்து அடி பின்னால் ஒரு கயிறு. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உரிமையாளர் அதைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும்.

கிளென் வேவர்லியில் சட்டத்தரணியாக இருக்கும் சென்னைப் பிள்ளை ஒருத்தியிடம் போனேன். அவள் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "அங்கிள், நிஜமாவே கயிறுன்னே போடணுமா?" என்றாள்.

"ஓம் பிள்ளை. மஞ்சள் கயிறு. மைதானத்தில கட்டியாச்சு."

"மஞ்சக் கயிறுன்னா நம்ம ஊர்ல வேற விஷயம் அங்கிள்."

"இதுவும் லேசில விடேலாதுதான். நீங்கள் எழுதுங்கோ."

டேரல்தான் அரவிந்தனுக்குப் போன் எடுத்தார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன பருவத்தின் தொடக்கத்தில் அரவிந்தன் திரும்பி வந்தான். பந்து எங்கள் கையில் இருக்கும்போது அடுத்து என்ன ஆட்டம் என்று முடிவு செய்யும் பொறுப்பை டேரல் அவனுக்குக் கொடுத்தார். வீட்டில் தங்கவில்லை, கிளேட்டனில் வாடகைக்கு இருக்கிறான். மைதானத்தில் என்னைக் கண்டால் "ஹாய் அப்பா", போகும்போது "பை அப்பா." அதற்கே நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படியே இரண்டு பருவங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை, போர்வை, ஃபிளாஸ்க். முன்பு ஆட்டத்தைப் பார்க்கும்போது புள்ளிகளை மட்டும் பார்ப்பேன்: பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி, நடுவர் இரண்டு கையையும் உயர்த்துவார். இப்போது ஆட்களைப் பார்க்கிறேன். தன் ஆளைக் காப்பாற்றுவதற்காக ஒருவன் தெரிந்தே அடி வாங்குவதைப் பார்க்கிறேன். விழுந்த எதிரியைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவதைப் பார்க்கிறேன். இதையெல்லாம் காட்டியதற்கு அந்தக் கயிற்றுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

7

போன சனிக்கிழமை இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வெல்வதால் பரிசு ஒன்றும் இல்லை, தோற்பதால் நட்டமும் இல்லை. வானம் கறுத்திருந்தது. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டேரல் கயிற்றடிக்கு வந்தார். கையில் ஒரு ஹெட்செட்.

அதைக் கண்டதும் கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்தேன்.

"ஒப்பந்தத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், மிஸ்டர் சிவா" என்றார். "உங்களுடைய கால் தாண்டக்கூடாது என்றுதான் இருக்கிறது. காதைப் பற்றி ஒன்றும் இல்லை."

வாங்கிப் பார்த்தேன். வாய்க்கு நேரே வரவேண்டிய ஒலிவாங்கியை அடியோடு வெட்டி, வெட்டிய இடத்தில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது.

"யார் வெட்டினது?" என்றேன்.

டேரல் கிளப் கட்டிடத்தின் மேல்தளத்தைக் கண்ணால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டேன். முதலில் இரைச்சல். பிறகு என் மகனின் குரல். முப்பத்து நான்கு வயது ஆணின் நிதானமான, உறுதியான குரல். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அவன் அந்தக் குரலில் பேச நான் இடம் வைக்கவில்லை.

"குசினி டூ, ஓன் வன்" என்றான்.

எனக்குத்தான் பிழையாகக் கேட்கிறதோ என்று நினைத்தேன். அடுத்தது, "யன்னல், யன்னல், கோ." அதற்கடுத்தது, "வாசல்."

எதிரணிக்கு விளங்கக்கூடாது என்பதற்காக ஆட்டங்களுக்கு இரகசியப் பெயர் வைப்பது இந்த விளையாட்டில் வழக்கம். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குசினி என்றால் இடது பக்கம். யன்னல் என்றால் வலது ஓரம். வாசல் என்றால் நேர் நடுவால். பின்னுக்கு வந்து பந்தை எறிவது அலுமாரி. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடிபட்டது. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு முன்கதவால் உள்ளே வந்தால், இடது பக்கம் குசினி, வலது பக்கம் யன்னல், பின்னறையில் அலுமாரி. பத்து வயதில் அவன் விட்டுவிட்டுப் போன சொற்கள் என்று நான் நினைத்திருந்தவை. அவற்றை வைத்து அவன் எங்கள் வீட்டையே மைதானத்தில் விரித்து வைத்திருந்தான். ஒரு தொங்காக்காரப் பையன் தோழர்களைப் பார்த்து "வாசல்! வாசல்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். நல்ல சுத்தமான உச்சரிப்பு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

கடைசி நிமிடங்களில் இரண்டு புள்ளி பின்னுக்கு நின்றோம். நான்காவது முயற்சி. ஒரு யார் தேவை. உதைத்தாலும் எட்டும் தூரம். காதுக்குள் டேரலின் குரல், அரவிந்தனிடம்: "ஆர்வ், நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் சொல்வதற்குள் என் வாய் தன்பாட்டில் திறந்து "கிக்" என்றது. மெய்யாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெட்டிய ஒலிவாங்கியின் அடிக்கட்டைக்கு அப்பால் அது போகவில்லை. பக்கத்தில் ரோல்ஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்த மனோன்மணி மட்டும் திரும்பி, "என்னப்பா?" என்றார்.

"கோ. வாசல்" என்றான் அரவிந்தன்.

ஓடினார்கள். நடுவில் பெரிய குவியலாக விழுந்தார்கள். நடுவர் அளந்து பார்த்தார். அரை யார் குறைவு. தோற்றுவிட்டோம்.

"நல்ல முடிவு, ஆர்வ்" என்றார் டேரல். "அடுத்த வருடமும் இதையே செய்வோம்." அவ்வளவுதான். ஒருவரும் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. இந்த நாட்டில் நாற்பது வருடத்தில் நான் பெற்ற நன்மைகள் நிறைய. அவற்றில் கடைசியாக வந்தது அந்த ஒரு வசனத்தைக் காதால் கேட்டது.

மழை தூறத் தொடங்கியது. ஆட்கள் கைகொடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஹெட்செட்டைக் கழற்றப் போனேன். அப்போது திரும்பவும் அவனுடைய குரல், இந்த முறை கொஞ்சம் சின்னதாக.

"அப்பா? கேக்குதா?"

ஓம் என்றேன். அது அவனுக்குப் போகாது என்பது பிறகுதான் நினைவு வந்தது.

"கேட்டா கையைத் தூக்குங்கோ."

எழும்பி நின்றேன். போர்வை கீழே விழுந்தது. மேல்தளத்தைப் பார்த்து, அவனுக்குத் தெரியவேண்டுமே என்ற அவசரத்தில், இரண்டு கையையும் உயர்த்தினேன்.

காதுக்குள் அவன் சிரித்தான். வாய்விட்டு, மூச்சுத் திணறச் சிரித்தான். "அப்பா, ரெண்டு கை தூக்கினா டச்டவுன். வீ லொஸ்ட்." பிறகு, "நில்லுங்கோ, மழை வருது. நான் வாறன். வீட்டை ஒண்டாப் போவம்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம், மழைக்குள், கையை இறக்காமல் நின்றேன்.